ஆலிஸ் கோல்ட்ரேனை வாசித்தவராக நினைவுகூருங்கள்: ஜாஸ் கேட்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் ஜாஸ் பற்றி எழுதுகிற, பேசுகிற, பாட்டுப் பட்டியல் போடுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் சாக்ஸபோனின் ஜான் கோல்ட்ரேனா டிரம்பெட்டின் மைல்ஸ் டேவிஸா என்று நடு ராத்திரிவரை சண்டை போடுகிற அளவுக்கு இருக்கிறோம், அதனால் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன். விஷயம் ஆலிஸ் கோல்ட்ரேன், பியானோவும் ஆர்கனும் ஹார்ப்பும் (யாழ் மாதிரியான பெரிய தந்திக் கருவி) வாசித்த அமெரிக்க ஜாஸ் கலைஞர். ஜனவரி 12 அவர் இறந்த நாள், ஆகஸ்ட் 27 பிறந்த நாள். இரண்டு தேதியிலும் யாராவது பதிவு போட்டுவிடுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் அவற்றை வரிசையாகப் படித்துப் பார்த்தால் மொத்தம் இரண்டே வகைதான். ஒன்று, "ஜான் கோல்ட்ரேனின் மனைவியும் இசைக்கலைஞருமான" என்று தொடங்கி மூன்றாவது வரியிலேயே கணவரின் வாழ்க்கைக்குப் போய்விடுவது. இன்னொன்று, "நம்ம கோயம்புத்தூர்க்காரர் பேரில் அமெரிக்காவில் ஒரு ஜாஸ் ஆல்பம் வந்தது தெரியுமா" என்று தொடங்கி சுவாமி சச்சிதானந்தரின் வாழ்க்கைக்குப் போய்விடுவது. முதல் வகை எழுதுகிறவர்களை கோல்ட்ரேன் கோஷ்டி என்றும் இரண்டாவது வகையை கோவை கோஷ்டி என்றும் இந்த மடலுக்காக வைத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேரும் அன்போடுதான் எழுதுகிறீர்கள். அந்த அம்மா என்ன வாசித்தார் என்பதுதான் இரண்டிலும் இருப்பதில்லை.

அவர் 1937இல் டெட்ராய்ட்டில் பிறந்தபோது ஆலிஸ் மெக்லவுட். கார்த் தொழிற்சாலைகளின் ஊர், தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினக் குடும்பங்களின் ஊர், ஆகவே சர்ச்சுகளின் ஊரும்கூட. அம்மா அன்னா சர்ச்சில் பாடுகிறவர். ஏழு வயதில் பியானோ படிக்கத் தொடங்கிய ஆலிஸ், பதின்பருவத்திலேயே மவுண்ட் ஆலிவ் பாப்டிஸ்ட் சர்ச்சில் பாடகர் குழுக்களுக்குப் பியானோவும் ஆர்கனும் வாசித்துக்கொண்டிருந்தார். இதை நாம் பிறப்பு, படிப்பு என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவருக்கு என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். பாடுகிறவர் எப்போது அடுத்த வரிக்குப் போவார் என்பது எழுதி வைத்ததில்லை. போதகர் பேசிக்கொண்டே இருப்பார், அவர் குரல் ஏறுகிற இடத்தில் ஆர்கனும் ஏற வேண்டும். கூட்டம் கை தட்டத் தொடங்கிவிட்டால், இன்னும் பத்து நிமிடம் அதே இரண்டு சுரக்கூட்டுகளைச் சூடு குறையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தாளம் கரைந்து மறுபடி கூடுவதும், ஒரே ஆதார சுருதியின் மேல் நீண்ட நேரம் நிற்பதும், வந்தவர்களையெல்லாம் பாட வைப்பதும் அங்கே தினசரி வேலை. எழுபதுகளில் அவர் செய்ததையெல்லாம் "இந்தியத் தாக்கம்" என்ற ஒரே பெட்டிக்குள் போடுவதற்கு முன்னால் இந்தச் சர்ச் நாட்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சர்ச்சுக்கு வெளியே இன்னொரு பள்ளி இருந்தது. தாய் ஒன்று, தந்தை வேறான அண்ணன் எர்னி ஃபாரோ பேஸ் வாசிப்பவர், யூசஃப் லத்தீஃபின் குழுவில் இருந்தவர். அந்தக் காலத்து டெட்ராய்ட்டில் பேரி ஹாரிஸ், டாமி ஃபிளானகன், கென்னி பரல், பால் சேம்பர்ஸ் என்று தெருவுக்கு ஒரு பெரிய ஆள். பீபாப் என்ற வேகமான, சிக்கலான ஜாஸ் பாணி தெரியாமல் அந்த ஊரில் மேடை ஏற முடியாது, ஆலிஸுக்கு அது நன்றாகத் தெரியும். அப்புறம், ஹார்ப் என்றவுடன் ஜாஸில் ஆலிஸ்தான் முதல் ஆள் என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து டோரதி ஆஷ்பியையும் தேடிக் கேளுங்கள். அவரும் டெட்ராய்ட்தான், அவரும் கறுப்பினப் பெண்தான், 1957லேயே ஹார்ப்பில் ஜாஸ் வாசித்து ஆல்பம் போட்டுவிட்டார். ஆலிஸ் வாசித்த விதம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் வானத்திலிருந்து குதித்தவர் இல்லை அவர். ஒரு ஊரிலிருந்து வந்தவர்.

1959, 60 வாக்கில் பாரிஸ். கென்னி ஹகுட் என்ற பாடகரை மணந்து அங்கே போனார். மைல்ஸ் டேவிஸின் 'பர்த் ஆஃப் தி கூல்' பதிவுகளில் ஒரே ஒரு பாட்டு பாடியிருப்பாரே, அவர்தான். பாரிஸில் அப்போது பீபாப் பியானோ மேதை பட் பவல் குடியிருந்தார், ஆலிஸ் அவரிடம் கற்றுக்கொண்டார். புளூ நோட் கிளப்பில் பெரிய ஆட்கள் இடைவேளை எடுக்கும்போது பியானோவில் உட்காரும் வேலை கிடைத்தது. 1960இல் அங்கே படம்பிடித்த துண்டு ஒன்று இணையத்தில் இருக்கிறது, கென்னி கிளார்க் டிரம்ஸ், லக்கி தாம்சன் சாக்ஸபோன், பியானோவில் இருபத்திச் சொச்சம் வயதுப் பெண். அதில் தம்புரா இல்லை, ஊதுபத்தி இல்லை. வலது கை பட் பவலின் மொழியை எழுத்துப் பிசகாமல் பேசிக்கொண்டு போகிறது. "அவருக்கு ஒழுங்காக ஜாஸ் வாசிக்கத் தெரியாது, கணவர் தயவில் குழுவுக்குள் வந்தார்" என்று இன்னமும் யாராவது கிளப்பிவிட்டால் இந்தத் துண்டைப் போட்டுக் காட்டுங்கள், வேறு வாதம் தேவையில்லை. கல்யாணம் நிலைக்கவில்லை. ஹகுட்டுக்கு ஹெராயின் பழக்கம். ஆலிஸ் மகள் மிஷெலைத் தூக்கிக்கொண்டு டெட்ராய்ட்டுக்குத் திரும்பி மறுபடி வேலை தேடினார்.

கிடைத்த வேலை டெர்ரி கிப்ஸ் குழுவில். கிப்ஸ் வைப்ராஃபோன் (உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) வாசிப்பவர், மேடையில் ஆலிஸையும் வைப்ராஃபோன் பக்கம் இழுத்து இருவரும் சேர்ந்து வாசிப்பது நிகழ்ச்சியின் ஒரு சுவாரசியமாக இருந்தது. கிப்ஸ் தன் யூத மெல்லிசைகளை ஜாஸாக வாசித்த ஆல்பத்திலும் பியானோ இவர்தான். இப்படி ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், 1963இல் நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப்பில், ஒரே மேடையில் மாறி மாறி வாசிக்க வந்த இன்னொரு குழுவின் தலைவராக ஜான் கோல்ட்ரேன் வந்து சேர்கிறார். அதாவது கோல்ட்ரேன் கோஷ்டியின் பதிவுகள் தொடங்குகிற இடத்துக்கு வருவதற்குள் இந்தப் பெண் பத்து வருடத்துக்கு மேல் வாசித்துச் சம்பாதித்தவர்.

சரி, கோல்ட்ரேன். லாங் ஐலண்டில் டிக்ஸ் ஹில்ஸ் என்ற இடத்தில் 1964இல் வீடு வாங்கினார்கள், 1965இல் மணம் செய்துகொண்டார்கள், அடுத்தடுத்து மூன்று பையன்கள்: ஜான் ஜூனியர், ராவி, ஓரன். (ராவி என்ற பெயர் ரவி சங்கருக்காக வைத்தது. கோவை கோஷ்டி இதையும் விடுவதில்லை, பரவாயில்லை, உண்மைதான்.) நான் குறிப்பாகப் பேச வந்தது 1966 பற்றி. ஜானின் குழுவில் பியானோவில் மெக்காய் டைனர் இருந்த இடத்துக்கு ஆலிஸ் வந்தார். நம்மில் ஒரு சாராரின் பேச்சில் இது ஏதோ மாமியார் வீட்டுக்குள் மருமகள் புகுந்து குடும்பத்தைப் பிரித்த கதை மாதிரியே இருக்கிறது. நடந்தது அதுவல்ல. ஜான் 1965லேயே பழைய தாளக்கட்டிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தார், இரண்டு டிரம்ஸ் வைக்கத் தொடங்கினார், தன் பியானோ தனக்கே கேட்கவில்லை என்பது டைனரின் குறை, அவராகவே கிளம்பினார். அடுத்து டிரம்ஸ் வாசித்த எல்வின் ஜோன்ஸும் போனார். நின்றுபோன வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் இல்லை ஆலிஸ், ஓடிக்கொண்டிருந்ததில் ஏறியவர். ஜான் அவரிடம் கேட்டதும் டைனர் மாதிரி வாசி என்பதல்ல, பியானோவில் அத்தனை கட்டைகள் இருக்கின்றன, முழு நீளத்தையும் வாசி என்பதுதான். 1966 ஜூலையில் அவர்கள் ஜப்பான் போய் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். சாக்ஸபோனில் ஃபரோ சாண்டர்ஸும் ஜானும் கத்தித் தீர்த்த பிறகு ஆலிஸின் பியானோ வரும். இரண்டு கையும் மேலும் கீழுமாக அலை அலையாக ஓடும், தாளத்தின் சமம் எங்கே என்று தேடினால் கிடைக்காது, ஆனால் சுருதி நழுவாது. எனக்கு அந்த ஆல்பங்களில் சில இடங்கள் இன்றும் காதுக்குக் கஷ்டம்தான், மறைக்கவில்லை. அந்தக் கஷ்டத்துக்கு அவரைக் காரணம் சொல்வதுதான் நியாயமில்லை.

1967 ஜூலை 17, ஜான் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார், நாற்பது வயது. ஆலிஸுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. வீட்டில் நான்கு குழந்தைகள், கடைசிப் பையன் பிறந்து சில மாதங்கள். நம் பதிவுகள் பெரும்பாலும் இங்கே "துயரத்தில் மூழ்கினார், ஆன்மிகத்தில் ஆறுதல் கண்டார்" என்று எழுதிவிட்டு நான்கு வருடம் தாவி சச்சிதானந்தர் ஆல்பத்துக்கு வந்துவிடும். துயரம் இருந்தது, கடுமையாகவே இருந்தது, தூக்கமில்லாமல் எடை குறைந்து உடம்பு உருகிய காலம் பற்றி அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஆனால் அதே நேரத்தில் அந்த அம்மா செய்த வேலைகளைப் பாருங்கள். ஜான் விட்டுப்போன பதிவு நாடாக்களைப் பாதுகாத்தார். 1968இல் 'காஸ்மிக் மியூசிக்' ஆல்பத்தை முதலில் சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிட்டார், பிறகுதான் இம்பல்ஸ் கம்பெனி எடுத்தது. டிக்ஸ் ஹில்ஸ் வீட்டின் அடித்தளத்தில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்து, மாடியில் குழந்தைகள் தூங்க, கீழே தன் ஆல்பங்களைத் தானே பதிவு செய்தார். 1968இல் ஒரு பெண், அதுவும் கறுப்பினப் பெண், குழுத்தலைவராகவும் இசையமைப்பாளராகவும் சொந்தக் கூடத்தின் எஜமானியாகவும் ஒரே சமயத்தில் இருந்தார். ஜாஸ் வரலாற்றில் இது எத்தனை பேருக்கு வாய்த்தது? இதைப் பற்றி ஒரு பதிவுகூட என் கண்ணில் படவில்லை.

ஹார்ப் அந்த வீட்டுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜான் ஆசைப்பட்டு ஆர்டர் கொடுத்தது, அவர் போன பிறகுதான் வந்து சேர்ந்தது. கேட்டாலே மனம் கனக்கிற கதைதான், அதனால்தான் எல்லோரும் அதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு அவர் அந்தக் கருவியை உட்கார்ந்து கற்றுக்கொண்டார் என்பது கதையின் முக்கியமான பாதி. 1968இன் 'எ மொனாஸ்டிக் ட்ரியோ'வில் முதல்முறையாக அது கேட்கிறது. டோரதி ஆஷ்பி ஹார்ப்பில் ஒவ்வொரு சுரமாகக் கிள்ளி பீபாப் வரிகளைக் கோத்துச் சொல்வார், கிதார்க்காரர் போல. ஆலிஸுக்கு அந்த வழி வேண்டியிருக்கவில்லை. அவர் தந்திகளைத் தடவிக்கொண்டு போய் ஒரு நிறத்தைப் பரப்பிவிட்டு, அதன் நடுவில் ஒன்றிரண்டு சுரங்களை மட்டும் அழுத்திச் சொல்வார். 1966இல் பியானோவில் செய்துகொண்டிருந்த அதே அலைதான், இப்போது அதற்குப் பொருத்தமான கருவி கிடைத்துவிட்டது.

1970 ஜனவரியில் அதே வீட்டில் பதிவான 'ப்தா, தி எல் தாவூத்' ஆல்பத்தை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். ஃபரோ சாண்டர்ஸ் ஒரு பக்கம், ஜோ ஹெண்டர்சன் இன்னொரு பக்கம், ரான் கார்ட்டர் பேஸ், பென் ரைலி டிரம்ஸ். 'புளூ நைல்' என்ற உருப்படியில் இரண்டு சாக்ஸபோன்காரர்களும் புல்லாங்குழலை எடுத்துக்கொள்கிறார்கள், ஆலிஸ் ஹார்ப்பில். ஏழு நிமிடம், வேகமாக எதுவும் நடக்காது, கேட்டு முடித்தபின் வேறு பாட்டு போட மனம் வராது. அதே ஆல்பத்தில் 'துரியா அண்ட் ராமகிருஷ்ணா' என்று ஒரு பியானோ உருப்படி. பெயரைப் பார்த்து ஏதோ பஜனை என்று நினைத்துப் போட்டால், சுத்தமான புளூஸ், டெட்ராய்ட் சர்ச்சின் வாசனையோடு. பெயருக்கும் இசைக்கும் இப்படி ஒரு தூரம் இருப்பதை கோவை கோஷ்டி கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கோவை கோஷ்டிக்கு இப்போது வருகிறேன். சச்சிதானந்தர் 1914இல் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர், ரிஷிகேஷ் சிவானந்தரின் சீடர், இலங்கையில் பல வருடம் இருந்தவர், 1966இல் அமெரிக்கா போனவர், 1969 வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். ஆலிஸ் அவருடைய மாணவியாக இருந்தார், அவரைப் பெரிதும் மதித்தார், 1970 நவம்பரில் பதிவுசெய்து 1971இல் வெளியான 'ஜர்னி இன் சச்சிதானந்தா' அவர் பெயரைத் தாங்கியது. டிசம்பரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பயணம் கிளம்பும் முன் பதிவானது அது. இதெல்லாம் நமக்கு நெருக்கமான விஷயம், எனக்கும் முதலில் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆல்பத்தில் என்ன கேட்கிறது? செசில் மெக்பீயின் பேஸ் ஒரு சின்ன வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, அதுதான் அஸ்திவாரம். தம்புரா இருக்கிறது, ஆனால் ராகம் இல்லை, ராகம் வாசிப்பதாக அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஃபரோ சாண்டர்ஸின் சொப்ரானோ சாக்ஸபோனும் ஆலிஸின் ஹார்ப்பும் அதன்மேல் பேசிக்கொள்கின்றன. கடைசி உருப்படி நியூயார்க் வில்லேஜ் கேட் கிளப்பில் மேடையில் பதிவானது, அதில் தம்புராவைவிட ஊத் என்ற அரபுக் கருவிதான் முன்னால் நிற்கிறது. எகிப்து, ஆப்பிரிக்கா, இந்தியா, புளூஸ் எல்லாம் அவர் மனதில் ஒரே வீட்டின் அறைகள். அந்தக் காலத்துக் கறுப்பின இசைக்கலைஞர்கள் பலர் அமெரிக்கா தங்களுக்குக் கொடுத்த சின்ன இடத்துக்கு வெளியே ஒரு பெரிய மூதாதை உலகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள், ஆலிஸின் இந்தியா அந்தத் தேடலுக்குள் இருப்பது. அதைப் பிய்த்து எடுத்து "நம்ம கலாச்சாரத்தின் வெற்றி" என்று மாலை போடும்போது அவருடைய டெட்ராய்ட் மறுபடி காணாமல் போகிறது.

1971 பிப்ரவரி 21, நியூயார்க் கார்னகி ஹாலில் சச்சிதானந்தரின் யோகா அமைப்புக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரி. இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், ஃபரோ சாண்டர்ஸ், ஆர்ச்சி ஷெப், தம்புரா, ஆர்மோனியம். முதல் பாதியில் ஹார்ப்போடு அமைதியான உருப்படிகள், பின்பாதியில் பியானோவுக்கு மாறி ஜானின் 'ஆஃப்ரிக்கா'வை அரை மணி நேரம் அடித்து நொறுக்குகிறார்கள். இம்பல்ஸ் கம்பெனி பதிவு செய்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டது. முழுதாக, முறையாக வெளிவந்தது 2024இல்! "தியான இசை ராணி" என்று எழுதுகிறவர்கள் இந்தப் பின்பாதியை ஒருமுறை சத்தமாக வைத்துக் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் சரியாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

அதே வருடத்து 'யுனிவர்சல் கான்ஷியஸ்னஸ்' என் கணக்கில் அவருடைய உச்சம். சர்ச்சில் விட்ட ஆர்கனை மறுபடி எடுக்கிறார், இப்போது மின்சார உர்லிட்ஸர். நான்கு வயலின்களுக்கு எழுதுகிறார், அந்த வயலின் பகுதிகளில் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் கையும் உண்டு. ஆர்கனின் சத்தம் கூர்மையாக, கொஞ்சம் எரிச்சலூட்டுகிற மாதிரிகூட இருக்கும், அழகாக இருக்க வேண்டும் என்று அது கவலைப்படவே இல்லை. முதல்முறை கேட்கிறவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள், ஓடிவிடுவார்கள்.

வயலின்கள் வந்ததால் வந்த சண்டையையும் சொல்லிவிட வேண்டும், கோல்ட்ரேன் கோஷ்டியின் பழைய கோபம் அங்கேதான் இருக்கிறது. 1972இல் வெளியான 'இன்ஃபினிட்டி'யில், ஜான் உயிரோடு இருந்தபோது பதிவான நாடாக்களின் மேல் ஆலிஸ் வயலின்களையும் தன் ஹார்ப்பையும் ஆர்கனையும் சேர்த்தார், சில இடங்களில் பழைய பேஸை எடுத்துவிட்டு சார்லி ஹேடனை வாசிக்க வைத்தார். ரசிகர்கள் கொதித்தார்கள். என்னைக் கேட்டால் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஜானின் பேஸ்காரர் ஜிம்மி கேரிசன் வாசித்ததை எடுத்துவிட்டது எனக்கும் பிடிக்கவில்லை, மூலப் பதிவை அப்படியே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மீதிப் பாதி என்ன என்றால், இறந்தவரின் நாடாக்களைக் கம்பெனிகள் வெட்டி ஒட்டி விற்பது அன்றும் இன்றும் நடக்கிறது, அப்போதெல்லாம் இத்தனை சத்தம் வருவதில்லை. அந்த இசையை மேடையில் கூடவே வாசித்த ஒருவர், தனக்குக் கேட்டபடி அதை முடித்துப் பார்த்தபோது மட்டும் "மனைவி கெடுத்துவிட்டாள்" என்றார்கள். அந்த வாக்கியத்தை நம் குழுக்களிலும் பார்த்திருக்கிறேன். ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் ஆல்பத்தைத் திட்டுங்கள்.

கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு கதை வேகம் எடுக்கிறது. கார்லோஸ் சந்தானாவோடு ஒரு ஆல்பம், வார்னர் கம்பெனிக்குச் சில ஆல்பங்கள், 1975இல் வேதாந்த மையம், 1976 முதல் காவி, துரியசங்கீதானந்தா என்ற பெயர். 1978இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக அரங்கில் ரெஜி வொர்க்மன் பேஸ், ராய் ஹேன்ஸ் டிரம்ஸ் என்று மூன்றே பேராக வாசித்த கச்சேரி 'டிரான்ஸ்ஃபிகரேஷன்' என்று வந்தது. அதோடு வணிகப் பதிவுகளை நிறுத்திவிட்டார். இங்கே நீங்கள் எல்லோருமே, இரண்டு கோஷ்டியும், "இசையை விட்டு விலகினார்" என்று எழுதுகிறீர்கள்.

அவர் விலகவே இல்லை. 1983இல் அகோரா ஹில்ஸ் மலைப்பகுதியில் ஆசிரமம் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டுப் பாடல், ஆர்கனில் ஆலிஸ். அங்கே வந்தவர்களில் பலர் அவரைப் போலவே கறுப்பினக் குடும்பங்கள், சர்ச்சில் வளர்ந்தவர்கள். பாடியது 'ஓம் ராமா', 'ஜகதீஷ்வர்', கோவிந்தன் பெயர், நாராயணன் பெயர். வரிகள் நமக்குத் தெரிந்தவை, பாடிய விதம் பாப்டிஸ்ட் சர்ச்: கைதட்டல் எதிரடியில் விழும், ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள், சூடு ஏற ஏறக் குரல்கள் உடைந்து கத்தும். 1982இன் 'துரியா சிங்ஸ்' தொடங்கி நான்கு கேசட்டுகள் ஆசிரமத்தின் சொந்தப் பதிப்பகம் வழியாக வந்தன. முதல் கேசட்டில்தான் அவர் முதல்முறையாகப் பாடினார், தாழ்ந்த குரல், அலங்காரமே கிடையாது. அந்த வருடம் மூத்த பையன் ஜான் ஜூனியர் கார் விபத்தில் இறந்தார். முதல் கேசட்டிலேயே சின்தசைசர் உண்டு, அடுத்து வந்தவற்றில் அது இன்னும் முன்னால் வந்துவிடுகிறது, ஒபர்ஹைம் கருவி, சத்தம் தரையிலிருந்து ராக்கெட் மாதிரி வளைந்து மேலே போகும். அந்த வளைவைக் கேட்டவுடன் "கமகம்!" என்று நம் ஆட்கள் துள்ளுவார்கள். அது கமகம் இல்லை, சின்தசைசரின் ஓரத்தில் இருக்கும் சுருதிச் சக்கரத்தைத் திருப்புவது, கேட்கிறவர் வயிறு கலங்குகிற மாதிரி திருப்புகிறார், அவ்வளவுதான். அவர் பதின்பருவத்தில் மவுண்ட் ஆலிவில் பார்த்த வேலையை நாற்பத்தைந்து வயதுக்கு மேல் தன் சொந்த இடத்தில், தன் சொந்தக் கூட்டத்துக்காகச் செய்தார். விற்பனைக் கணக்கில் வராததால் நாம் அதை மௌனம் என்று எழுதிவிட்டோம்.

அந்தக் கேசட்டுகளின் பாடல்கள் சில 2017இல் ஒரு தொகுப்பாக வெளிவந்தபோது உலகமே புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசியது. ஆலிஸின் தங்கை மெரிலின் மெக்லவுட் மோட்டவுன் இசைக்கம்பெனிக்குப் பாடல்கள் எழுதியவர், மெரிலினின் பேரன்தான் மின்னணு இசை செய்யும் இன்றைய ஃபிளையிங் லோட்டஸ். இந்தத் தலைமுறைக்கு ஆலிஸ் போய்ச் சேர்ந்ததில் அந்தப் பையனுக்குப் பெரிய பங்கு உண்டு.

மகன் ராவி விடாமல் வற்புறுத்தி, 2004இல் 'டிரான்ஸ்லீனியர் லைட்' வந்தது. இருபத்தாறு வருடம் கழித்து உர்லிட்ஸரில் உட்கார்ந்தவரின் கையில் துரு இல்லை, ஏனென்றால் நான் சொன்ன மாதிரி கை ஓய்ந்ததே இல்லை. 2006இல் ஒருசில கச்சேரிகள், ஒன்று மிச்சிகனில் ஆன் ஆர்பரில், பிறந்த ஊருக்குப் பக்கத்தில். 2007 ஜனவரி 12 லாஸ் ஏஞ்சல்ஸில் மூச்சுக்கோளாறால் இறந்தார், 69 வயது. ஆசிரமத்தின் கோயில் 2018 நவம்பர் காட்டுத்தீயில் எரிந்துபோனது. டிக்ஸ் ஹில்ஸ் வீட்டை இடித்து மனை போட இருந்தார்கள், உள்ளூர் ரசிகர்கள் போராடி நிறுத்தினார்கள், இப்போது அது பாதுகாக்கப்பட்ட இடம். அந்த அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.

இனி கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கோல்ட்ரேன் கோஷ்டிக்கு: அடுத்த பதிவில் முதல் வாக்கியத்தில் ஜான் வேண்டாம். இரண்டாவது பத்தியில் வரட்டும், அவர் வராமல் இந்த வாழ்க்கையைச் சொல்ல முடியாது, ஆலிஸே அதை விரும்பியிருக்கமாட்டார். "டெட்ராய்ட்டைச் சேர்ந்த பியானோ, ஆர்கன், ஹார்ப் கலைஞர், இசையமைப்பாளர்" என்று தொடங்கிப் பாருங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கோவை கோஷ்டிக்கு: செட்டிப்பாளையத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள், கூடவே மவுண்ட் ஆலிவையும் சொல்லுங்கள். பட்டியல் போடுகிறவர்களுக்கு: தூங்குவதற்கான இசை, யோகாவுக்கான இசை என்ற தலைப்புகளிலிருந்து அவரை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு பாட்டுதான் சேர்க்க இடம் இருக்கிறது என்றால், சச்சிதானந்தர் பாட்டை எல்லோரும் கேட்டாயிற்று, 'துரியா அண்ட் ராமகிருஷ்ணா'வைப் போடுங்கள். இரண்டு இடம் இருந்தால் கார்னகி ஹால் 'ஆஃப்ரிக்கா'. நீளம் என்று யாராவது முனகினால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் வந்து சண்டை போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கூட்டத்தில் ஒருவன்